ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்த தாள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரைச் சாட்சி டீச்சர் என்பார்கள். பிள்ளைகள் வைத்த பெயர். வரலாறு எடுப்பவர். யார் எதைச் சொன்னாலும், நீ பார்த்தாயா, யார் பார்த்தது, பார்த்தவர் எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்று மூன்று கேள்வி கேட்காமல் விடமாட்டார். ராஜாக்கள் கதைக்கு மட்டும் இல்லை. ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால்கூட, தொட்டுப் பார்த்தீர்களா என்பார். ஒருமுறை கணக்கு சார் அவரிடம், "உங்களுக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு இப்பத்தான் புரியுது டீச்சர். மாப்பிள்ளை நல்லவர்னு சொன்னதுக்குச் சாட்சி கேட்டிருப்பீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, "கேட்டேன் சார். ஒருத்தரும் வரலை" என்றார்.

நான் அங்கே மணி அடிப்பவள், அறைகளைப் பூட்டுபவள், ஜெராக்ஸ் எடுப்பவள். பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்த டீச்சருக்கும் நான் அக்காதான். ஐந்தாவதோடு நின்ற என் படிப்பின் மீதியை இருபது வருஷமாக அவருடைய வகுப்பு வராந்தாவில் துடைப்பத்தோடு நின்று கேட்டிருக்கிறேன்.

போர் முடிந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மலைப்பக்கத்து ஜனங்களும் கரைப்பக்கத்து ஜனங்களும் மோதிக்கொண்ட போர். மலைக்காரர்கள் அதை மீட்புப் போர் என்பார்கள். கரைக்காரர்கள் பேரழிவு என்பார்கள். இரண்டு கூட்டமும் கலந்து வாழ்கிற எங்கள் ஊரில் இரண்டு பெயரையும் வாயில் எடுக்காமல், "அந்தச் சமயத்துல" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக் கூரை போனது என்பார்கள். யார் போக்கியது என்று சொல்லமாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். நான் எந்தக் கூட்டம் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். சொல்லப்போவதில்லை. சொன்னால் மீதியை வேறு கண்ணோடு படிப்பீர்கள்.

டீச்சர் மலைக்கார வீட்டுப் பெண். தாய் தகப்பன் போனபின், தன்னைவிடப் பத்து வயது இளைய தம்பியை அவர்தான் வளர்த்தார். அந்தத் தம்பி பத்தொன்பது வயதில் மலைப் படைக்கு லாரி ஓட்டப் போய், இடது காது கேட்காமல் திரும்பி வந்தார். இப்போது வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மின்விசிறி மோட்டார்களுக்குக் காயில் சுற்றுகிறார். மலைக்கார வீட்டு விசிறியும் வரும், கரைக்கார வீட்டு விசிறியும் வரும். செம்புக் கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். லாரியில் என்ன ஏற்றிப் போனார் என்று அக்கா தம்பியிடம் கேட்டதே இல்லை. உலகத்தில் அவர் சாட்சி கேட்காத ஒரே ஆள் அந்தத் தம்பி.

போன வருஷம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அந்தப் போரை ஒன்பதாம் வகுப்புக்கு ஆறு பாடவேளை நடத்தவேண்டும். புதுப் புத்தகத்தில் அதற்கு இருந்தது ஒன்றரைப் பக்கம். பல்லாயிரம் பேர் உயிரிழந்தனர் என்று ஒரு வரி. காய்ச்சல் வந்து செத்ததுபோல. உத்தரவின் கடைசியில், கூடுதல் விவரங்களை ஆசிரியர்கள் இணையத்தில் தேடிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது. தலைமையாசிரியர் அதைப் படித்துக் காட்டிய அன்று மாலையே மூத்த வரலாற்று சாருக்கு முதுகுவலி வந்து இரண்டு மாதம் விடுப்பில் போனார். பாடம் சாட்சி டீச்சர் தலையில் விழுந்தது. விழுந்தது என்று நான்தான் சொல்கிறேன். அவர் முகத்தில் அன்று இருந்தது சந்தோஷம். இருபத்தைந்து வருஷமாகச் செத்துப்போன ராஜாக்களுக்கே சாட்சி தேடிக்கொண்டிருந்தேன் அக்கா, ஒரு தடவையாவது உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிச் சரியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்றார்.

கம்ப்யூட்டர் அறைச் சாவி என்னிடம். கடைசி மணி அடித்ததும் அவர் வந்து உட்காருவார். நான் பூட்டவேண்டும் என்பதால் பக்கத்து நாற்காலியில் என் பிரார்த்தனைப் புத்தகத்தோடு காத்திருப்பேன். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டுவார். முதல் நாளே சிக்கல். தேடவேண்டுமானால் போருக்கு ஒரு பெயர் போடவேண்டும். மீட்புப் போர் என்று போட்டால் கொடியும் முரசும் வீரர் படமுமாக மலைக்காரர்கள் பக்கங்கள் வந்தன. பேரழிவு என்று போட்டால் மெழுகுவத்தியும் பெயர்ப் பட்டியலும் அழுகைப் பாட்டுமாகக் கரைக்காரர்கள் பக்கங்கள் வந்தன. முதலாவதில் கரைக்காரர் ஒருவரும் சாகவில்லை. இரண்டாவதில் மலைக்காரர் ஒருவரும் சாகவில்லை.

"ரெண்டு பேரும் யாரையும் கொல்லலையாம் அக்கா. போர் தானா நடந்து தானா முடிஞ்சிருக்கு" என்றார்.

வெளிநாட்டில் யாரோ தயார் செய்து வைத்திருந்த பாடத் திட்டங்களும் கிடைத்தன. கலர் கலராக, அழகாக இருந்தன. அதில் ஒரு பயிற்சி: நீ வீட்டை விட்டு ஓடவேண்டும், பையில் ஐந்து பொருள்தான் வைக்கலாம், எவை என்று எழுது. டீச்சர் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். அதில் பாதிப் பேர் வீட்டில் பையே எடுக்காமல் ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் போய் அம்மாவிடம் கேட்டால் அவள் என்ன எழுதிக் கொடுப்பாள் என்று சொல்லி அதை மூடினார்.

எரிந்த பஸ் ஒன்றின் படம் மலைக்காரர்கள் பக்கத்திலும் இருந்தது, கரைக்காரர்கள் பக்கத்திலும் இருந்தது. ஒரே பஸ். பக்கத்தில் அதே சாய்ந்த கம்பம், அதே ஒற்றைச் செருப்பு. உள்ளே எரிந்தவர்கள் எங்கள் ஆட்கள் என்று இரண்டிலும் எழுதியிருந்தது. டீச்சர் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்று என் வீட்டு விசிறியைக் கொடுக்க நானும் கூடப் போயிருந்தேன். பைகளைக்கூட இறக்கி வைக்காமல் படத்தைத் தம்பி முன்னால் நீட்டினார். இந்தச் சாலையில் நீ லாரி ஓட்டியிருப்பாய் அல்லவா, இது யார் பஸ் என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் அந்தச் சமயத்தைப் பற்றி அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பினார். படத்தைப் பார்த்தார்.

"தேடாத அக்கா" என்றார். "கிடைச்சிரும்."

மறுபடி காயில் சுற்ற உட்கார்ந்தார். டீச்சர் அந்தப் படத்தைப் பாடத்தில் சேர்க்கவில்லை.

தேடத் தொடங்கிய மூன்றாம் வாரம்தான் அவருக்கு வேண்டியது அகப்பட்டது. ஏதோ ஒரு தூர தேசத்துப் பல்கலைக்கழகம், அந்தப் போரில் சாதாரண ஜனங்கள் எழுதிய கடிதங்களை வாங்கிப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தன. அவர் நாலு நாள் அவற்றையே படித்தார். சிலதை எனக்கும் வாசித்துக் காட்டினார். கடைசியில் இரண்டை எடுத்தார். இரண்டும் பெண்கள் எழுதியவை, இரண்டும் பெரிய பாலம் உடைந்த அன்று நடந்ததைப் பற்றியவை. ஒருத்தி மலைக்காரி, படையில் இருந்த புருஷனுக்கு எழுதியிருந்தாள். தண்ணீர் வண்டி வந்தது, பையனை வரிசையில் நிறுத்திவிட்டு இன்னொரு குடம் எடுக்க வீட்டுக்குப் போனேன், திரும்பி வந்தபோது வரிசை இல்லை என்று இருந்தது. மற்றவள் கரைக்காரி, தங்கைக்கு எழுதியிருந்தாள். சத்தம் கேட்டதும் சின்னவளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், கட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். முதலில் சுட்டது அவர்கள்தான் என்று இருவருமே எழுதியிருந்தார்கள்.

உடனே எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிடவில்லை டீச்சர். தேதி சரியா, அந்தத் தெரு அங்கே இருந்ததா, தண்ணீர் வண்டி அந்த மாதம் ஓடியதா என்று பழைய செய்தித்தாள்களில் பார்த்தார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, கடிதங்களைக் கொடுத்தது யார், கையெழுத்து யாருடையது என்று கேட்டார். பதில் வர ஐந்து நாள் ஆனது. எல்லாவற்றையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தார். பிறகு படுக்கை வாட்டத்தில் ஒரு தாளை வைத்து, இடது பாதியில் ஒரு கடிதமும் வலது பாதியில் மற்றதுமாகத் தயார் செய்தார். மேலே தேதி, ஊர், எழுதியவள் எந்தப் பக்கத்துக்காரி என்பது. அடியில் எங்கிருந்து எடுத்தது என்பது. ஒரு கண் ஒன்றில் விழும்போது மற்ற கண் மற்றதில் விழவேண்டும் அக்கா என்று சொல்லி, நாற்பத்திரண்டு பிரதி கேட்டு என்னிடம் கொடுத்தார்.

இனி நடந்தது என் கை வேலை. ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே, காகிதத்தின் இரு புறமும் பயன்படுத்தவும் என்று தலைமையாசிரியர் எழுதி ஒட்டியிருந்தார். ஒற்றைப் புறமாகப் போட்டால் என்னிடம்தான் கேட்பார். அதோடு ஒவ்வொரு கடிதமும் அரைத் தாளில் அடங்குவதற்காக எழுத்துகள் எறும்பு எறும்பாக இருந்தன. போன மாதத் தேர்வில்தான் வினாத்தாள் எழுத்து தெரியவில்லை என்று கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் அழுதிருந்தார்கள். அதனால் இரண்டையும் பெரிதாக்கி, முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்றாகப் போட்டேன். எழுத்து பளிச்சென்று வந்தது. நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன், கடவுள் அறிவார்.

மறுநாள் கட்டை வாங்கியவர் ஒரு தாளை எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"சேர்த்துல்ல கேட்டேன் அக்கா?"

"எழுத்து பொடியா இருந்துச்சு டீச்சர். பிள்ளைங்க கண்ணு போயிரும்."

நான் அடிக்கவேண்டிய மணிக்கு ஒரு நிமிஷம்தான் இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பரவாயில்லை, ஒரு தாளைத் திருப்பத் தெரியாத பிள்ளைகளா என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

பிள்ளைகளுக்குத் தெரிந்தது. நான் வராந்தாவில் நின்று பார்த்தேன். அந்த வகுப்பில் மலைக்காரப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம், கரைக்காரப் பிள்ளைகள் சுவர்ப் பக்கம் உட்காருவார்கள். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. டீச்சர் ஒரு பக்கத்திலிருந்து ஒருவரை எழுப்பி மற்றப் பக்கத்துக்காரியின் கடிதத்தை வாசிக்கச் சொன்னார். ஜன்னல் ஓரத்துப் பையன் கட்டில் இருக்கிறது என்று வாசித்தான். சுவரோரத்துப் பெண் வரிசை இல்லை என்று வாசித்தாள். தாள் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. முதலில் சுட்டது யார் என்று ஒருவன் கேட்டான். அது உறுதியாகத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று எழுதிக்கொள் என்றார். அந்தப் பெண் மறுபடி எழுந்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் அப்புறம் எப்பவாவது பார்த்துக்கிட்டாங்களா டீச்சர்?"

அதுவும் தெரியாது, எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்றார். மணியை நான் மூன்று நிமிஷம் தாமதமாக அடித்தேன். என் வேலையில் நான் செய்த ஒரே திருட்டு அது.

பிள்ளைகள் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மலைக்கார அப்பன் ஒருவன் கரைக்காரி கடிதத்தை மட்டும் படம் எடுத்து, உங்கள் பிள்ளைக்கு இதைத்தான் பாடம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் கைபேசிக் குழுவில் போட்டான். கரைக்கார அம்மா ஒருத்தி மலைக்காரி கடிதத்தை மட்டும் படம் எடுத்து அவர்கள் குழுவில் போட்டாள். விடிவதற்குள் இரண்டு படமும் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஒரு படம் போன வீட்டுக்கு மற்றப் படம் போகவில்லை. தாளோ அந்தந்த வீட்டு மேசைமேலேயே கிடந்தது. திருப்பினால் தெரிந்துபோகும்.

காலை ஒன்பது மணிக்கு மலைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் போனபின் பதினொரு மணிக்குக் கரைக்காரர்கள் வந்தார்கள். படையில் இருந்தவன் அக்காவே நம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்றார்கள் அவர்கள். படையில் இருந்தவன் அக்கா வேறு என்ன சொல்லிக் கொடுப்பாள் என்றார்கள் இவர்கள். இருபத்திரண்டு வருஷமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் இந்த டீச்சர் இனி ஒன்பதாம் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்பதில் ஒத்துப்போனார்கள். கேட் கம்பியைப் பிடித்து ஆட்டியவர்களில் பலரை எனக்குத் தெரியும். டீச்சரிடமே படித்தவர்கள்.

அன்று சாயங்காலம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது முன்னறை காலியாக இருந்தது. அலமாரியில் ஒரே ஒரு மோட்டார்தான் மீதி இருந்தது. பிரித்துப் போட்டிருந்ததையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள். தம்பி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரே நாள்ல ரெண்டு கூட்டமும் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க அக்கா" என்றார் என்னிடம். "உங்க விசிறி மட்டும் இருக்கு. நீங்களும் இப்பவே கொண்டு போறீங்களா?"

சுற்றி முடித்தபின் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

விசாரணைக்கு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. அதற்குமுன் கோப்பு தயாராகவேண்டும். பெற்றோர் அனுப்பிய படங்களைத் தலைமையாசிரியர் அச்செடுத்து என்னிடம் கொடுத்து மூன்று பிரதி போடச் சொன்னார். ஒரு தாளில் மலைக்காரி கடிதம், இன்னொரு தாளில் கரைக்காரி கடிதம். இரண்டும் வேறு வேறு புகார்க் கட்டில். நான் போய் வகுப்பில் கொடுத்த அசல் தாளை எடுத்து, முன்னும் பின்னுமாக மூன்று பிரதி போட்டு, அவற்றையும் கூட வைத்துக் கொண்டுபோனேன். அவர் அவற்றை மட்டும் உருவித் திருப்பிக் கொடுத்தார். இது வேண்டாம், ஒற்றைப் புறமாக இருப்பது போதும் என்றார். காகிதத்தின் இரு புறமும் பயன்படுத்தச் சொல்லி ஒட்டிய மனிதர்.

நான் போகாமல் நின்றேன்.

"ஐயா, டீச்சர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துலதான் வச்சுக் கொடுத்தாங்க. முன்னும் பின்னுமாப் போட்டது நான். தப்பு என்னோடது. அதிகாரிகிட்ட நானே சொல்லிடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை அவர். என் மகள் பிரசவத்துக்கு முன்பணம் கேட்டபோது உடனே கையெழுத்துப் போட்டவர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது.

"எனக்குத் தெரியும்மா. முதல் நாளே திருப்பிப் பார்த்துட்டேன்."

"அப்போ நீங்களே சொல்லலாமே ஐயா."

"திருப்பிப் பார்த்தேன்னு நான் எழுதிக் கொடுத்தா, யாருக்காகத் திருப்பிப் பார்த்தேன்னு என்னைக் கேட்பாங்க. வாசல்ல நிக்கறவங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? அவங்க பிள்ளைங்க சொல்லியிருக்காதா? போய் மணி அடிங்க. நேரமாச்சு."

போய் அடித்தேன்.

அதிகாரி இளவயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். தேநீர் கொடுக்க நான் உள்ளே போனபோது டீச்சர் தன் கோடு போட்ட நோட்டை அவர் முன்னால் விரித்து வைத்திருந்தார். எந்தக் கடிதம், எந்தத் தேதி, யார் கொடுத்தது, எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தது எல்லாம் வரிசையாக இருந்தது. அதிகாரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, இவ்வளவு வேலை செய்த ஆசிரியரை நான் பார்த்ததில்லை என்று உண்மையாகவே வியந்தார். வியந்துவிட்டு நோட்டை மூடி அவர் பக்கமாகத் தள்ளினார். பிறகு தட்டச்சு செய்த தாள் ஒன்றை எடுத்து வைத்தார். அலுவலகத்திலேயே எழுதிக் கொண்டுவந்த மன்னிப்புக் கடிதம். இணையத்தில் கிடைத்த செய்தியைச் சரிபார்க்காமல் மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு தரப்பின் கருத்தை மட்டும் முன்வைத்தது என் தவறு என்று அதில் இருந்தது.

டீச்சர் அதை வாசித்தார்.

"எந்தத் தரப்புன்னு போடலையே சார்?"

"போட்டா இன்னொரு கூட்டம் வந்துருமே டீச்சர். போடலைன்னா ரெண்டு பேரும் அடுத்தவங்களைத்தான் சொல்லியிருக்குன்னு எடுத்துக்குவாங்க."

சரிபார்க்கவில்லை என்று மட்டும் என்னால் எழுத முடியாது, வேறு எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன், என்னை எந்த ஊருக்கு வேண்டுமானாலும் மாற்றுங்கள் என்றார் டீச்சர். அவர் கெஞ்சி அன்றுதான் கேட்டேன். அதிகாரி சங்கடப்பட்டார். கையெழுத்து இல்லையென்றால் முழு விசாரணை நடத்தவேண்டி வரும் என்றார். முழு விசாரணை என்றால் அந்த வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றோரோடு ஒவ்வொருவராக உட்கார வைத்து, டீச்சர் என்ன சொன்னார், யார் என்ன கேள்வி கேட்டார்கள் என்று எழுதி வாங்கவேண்டும்.

"நாற்பத்திரண்டு பேரையுமா சார்?"

"விதி அப்படித்தான்."

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அன்று கேள்வி கேட்ட பெண்ணை நினைத்தார் என்று நான் நினைக்கிறேன். நானும் அவளைத்தான் நினைத்தேன். அந்தக் கேள்வியை அவள் கேட்டாள் என்று அவளுடைய அப்பன் முன்னால் எழுதுவார்கள். யாருக்காக அப்படிக் கேட்டாய் என்று அன்று ராத்திரி வீட்டில் கேட்பார்கள். ஏதாவது ஒரு வழி காட்டு ஆண்டவனே என்று வேண்டினேன். பேனா இருக்கிறதா என்று டீச்சர் அதிகாரியிடம் கேட்டார். இதுதான் வழி என்றால் நான் வேண்டாமலேயே இருந்திருக்கலாம்.

சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்து நான் அழுதேன். நான் மட்டும் சொன்னபடி சேர்த்துப் போட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்றேன். அவர் இரண்டு பைகளையும் கைப்பிடியில் மாட்டி, விழாமல் சரிசெய்தார்.

"சேர்த்துப் போட்டிருந்தா வெட்டிப் படம் எடுத்திருப்பாங்க அக்கா. வீட்டுக்குப் போங்க."

ஆறுதலுக்குச் சொன்னதாக எனக்குப் படவில்லை. குற்றம் என்னுடையது என்று எனக்கு இருந்த ஒரு பிடிமானத்தையும் அவர் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் வேலை போகவில்லை. ஒன்பதாம் வகுப்பும் அவரிடமே இருந்தது. அந்தப் பாடம் மட்டும் போனது. மூத்த சாருக்கு முதுகு சரியாகி வந்ததும், அந்த ஒன்றரைப் பக்கத்தை ஒரே பாடவேளையில் வாசித்து, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லி முடித்தார். மீதி ஐந்து பாடவேளையும் நடந்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளைகள் ஜன்னல் பக்கமும் சுவர்ப் பக்கமுமாக அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. இணையத்தில் பாடப் பொருள் தேடும் ஆசிரியர்கள் கவனத்துக்கு என்று தலைப்பு. ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை சரிபார்க்காத செய்தியைக் கொடுத்ததால் நேர்ந்தது என்ன என்று விவரித்து, அவரே தன் தவறை உணர்ந்து எழுதிய வரிகள் என்று டீச்சர் கையெழுத்துப் போட்ட வாக்கியங்களை அப்படியே அச்சிட்டிருந்தார்கள். பெயர் மட்டும் இல்லை. கடிதம் எழுதியவர்கள் பெயர் தெரியாமல் ஒரு வரியைக்கூட வகுப்புக்குள் கொண்டுவராதவரின் வரிகள், பெயரில்லாமல் ஊர் ஊராகப் போயின.

சுற்றறிக்கை வந்தால் அதை நோட்டில் ஒட்டி, வகுப்பு வகுப்பாக எடுத்துப் போய், ஒவ்வோர் ஆசிரியரும் படித்ததாகக் கையெழுத்து வாங்குவது என் வேலை. கணக்கு சார் படித்தார், நோட்டை மூடி என் முகத்தைப் பார்த்தார், வேடிக்கை ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். மூத்த சார் படிக்காமலே போட்டார். அடுத்த பெயர் டீச்சருடையது. கழிப்பறைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தலைமையாசிரியரிடம் போய், ஒரு பெயரை விட்டுவிடலாமா ஐயா என்று கேட்டேன். ஒருவர் கையெழுத்து இல்லாவிட்டாலும் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார்.

ஆறாம் வகுப்பில் இருந்தார். பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நான் நோட்டை நீட்டியதும் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினார். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தார். ஒரு வரியையும் விடவில்லை. தன்னுடைய வரிகளுக்கு வந்தபோதும் விரல் நிற்கவில்லை, வேகமும் கூடவில்லை.

"எல்லாரும் போட்டாச்சா அக்கா?"

"உங்களுக்கு அப்புறம் நாலு பேர் இருக்காங்க டீச்சர்."

தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று ஒரு நிமிஷம் திறந்தபடியே வைத்திருந்துவிட்டு மூடினார். நான் அதை வாங்கிக்கொண்டு பக்கத்து வகுப்புக்குப் போனேன். அங்கே இருந்த புதுப் பெண் டீச்சர் வெளியூரிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நின்றபடியே வாசித்துவிட்டு, இப்படியுமா பொறுப்பில்லாமல் இருப்பார்கள், இது எந்தப் பள்ளிக்கூடம் அக்கா என்று என்னிடம் கேட்டாள்.

தெரியாது என்றேன்.